வீட்டுக்காரரை வெளியே நிறுத்தும் பூட்டு



பூட்டு என்பது திருடனுக்காகச் செய்யப்படுவது. வீட்டுக்காரர் தம் மடியிலுள்ள சாவியை எடுத்துத் திறந்து உள்ளே செல்ல வேண்டும். அயலான் வெளியே நிற்க வேண்டும். ஒரு பூட்டு வீட்டுக்காரரைத் தெருவில் நிறுத்திவிட்டுத் திருடனுக்குக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடுமானால், அதைச் செய்த கொல்லனிடம் நாம் காரணம் கேட்போம் அன்றோ? இன்று நம் இல்லங்களில் முதியோரை அலைக்கழித்து வரும் கடவுச்சொல் என்னும் பூட்டைப் பற்றியும் அவ்வாறு கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இம்மாதம் அதைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

காரைக்காலில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தைக்கு வருங்கால வைப்புநிதிக் கணக்கு ஒன்று உண்டு. தாய்க்கு வங்கிக் கணக்கு உண்டு. மகளுக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமாயின் 'சென்டாக்' என்னும் சேர்க்கைக் குழுவுக்கு இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும். மகன் அவசரமாக வெளியூர் செல்லத் தட்கல் பயணச்சீட்டு எடுக்க வேண்டுமாயின், 2025 ஜூலை 15 முதல் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி எண் இன்றி இணையத்தில் அது நடவாது. பாட்டிக்கு ஓய்வூதியம், அதற்கு ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று. இவை போதாவென்று சமையல் எரிவாயு, மின்கட்டணம், கல்வி உதவித்தொகை என்று வேறு பல கணக்குகள். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு காவலாளி நின்று, "கடவுச்சொல்லைக் கூறு" என்கிறான்.

கூறுவது மட்டும் போதுமா? அச்சொல் அவன் விதித்த இலக்கணப்படி இருக்கவேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது. ஆங்கிலத்தில் ஒரு பெரிய எழுத்து வேண்டும். ஒரு சிறிய எழுத்து வேண்டும். ஓர் எண் வேண்டும். நட்சத்திரம், வியப்புக்குறி போன்ற ஒரு குறியும் வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை அதனை மாற்றவேண்டும். முன்பு வைத்திருந்தது திரும்ப வரலாகாது. மூன்று முறை தவறினால் கணக்கே முடங்கிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத மொழி நம்முடையது. பள்ளியில் தமிழ் மட்டும் கற்ற ஒரு மூதாட்டியிடம் இந்த இலக்கணத்தை ஒப்பிக்கச் சொல்வது எத்துணைக் கடுமை என்பதை எண்ணிப்பாருங்கள்.

அத்தகைய மூதாட்டி ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். மறைந்த கணவரின் ஓய்வூதியத்தைக் கொண்டே வாழ்பவர். ஒரு மகன், அவரும் பாரிசில் இருக்கிறார். "சாமி, நான் உயிரோடதான் இருக்கேன், ஆனா அந்தப் பெட்டி ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். விசாரித்தபோது செய்தி விளங்கிற்று. கணினி மையத்திற்குச் சென்று தம் கணக்கைத் திறக்க முயன்றிருக்கிறார். கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. புதிது வைக்க வேண்டுமாயின் ஓடிபி வேண்டும். அது மகனுடைய கைபேசிக்குச் செல்கிறது. இங்கே காலை பத்து மணி என்றால், குளிர்காலத்தில் பாரிசில் விடியற்காலை ஐந்தரை மணி. உறங்கும் மகன் எழுந்து பார்ப்பதற்குள் அந்த எண்ணின் ஆயுள் முடிந்துவிடுகிறது. இரண்டு நாள் இவ்வாறு நடந்தபின், கடைத் தம்பி இரக்கப்பட்டுத் தம் எண்ணையே பதிந்து, தமக்குத் தோன்றிய கடவுச்சொல்லையும் வைத்துக் கொடுத்துவிட்டார். "அது என்ன சொல் அம்மா?" என்றேன். "அது அந்தத் தம்பி நோட்டுல இருக்கு சாமி" என்றார்.

அந்தத் தம்பியை நான் குறை கூறவில்லை. அவர் உதவியே செய்தார். ஆயினும் என்ன நடந்துவிட்டது, பாருங்கள்! ஒரு மூதாட்டியின் பணத்தைக் காக்கவென்று அமைந்த விதிகள், அப்பணத்தின் சாவியை ஒரு கடையின் நோட்டுப்புத்தகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டன. கோட்டுச்சேரியிலும் நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் நம்மிடையே இத்தகைய பெற்றோர் பலர் உண்டு. 1962இல் பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி முடிவுற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட சொல்தாக்களின் குடும்பங்களும், பின்னாளில் பிழைப்பு நாடிக் கடல் கடந்தோரின் குடும்பங்களும் இங்கே எத்தனையோ. பிள்ளைகள் அங்கே; பெற்றோர் இங்கே; இருவருக்கும் நடுவே இந்தக் கடவுச்சொல்.

வாயிலில் சொல் கேட்கும் வழக்கம் புதிதன்று. திருவிவிலியத்தில் நீதித் தலைவர்கள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோர்தான் ஆற்றின் துறையைக் கிலயாதியர் பிடித்துக்கொண்டு, கடந்து செல்ல வந்த ஒவ்வொருவரையும் 'ஷிபோலத்' என்ற சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். கதிர் என்று பொருள்படும் எளிய சொல் அது. எப்ராயிம் குலத்தாரின் நாவுக்கோ 'ஷ' வராது, 'சிபோலத்' என்றார்கள். அவ்வொரு பிழைக்காக மடிந்தோர் நாற்பத்திரண்டாயிரம் பேர் என்று அந்நூல் கூறுகிறது. நம்மூர்ப் பெரியவர்களுள் எத்தனை பேர் அந்தத் துறையைத் தாண்டியிருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு. வாயிலில் கேட்கும் சொல், வந்தவர் யார் என்று அறிவதற்கு உரியது. அது நாவைச் சோதிக்கும் தேர்வாக மாறும்போது தீங்கு நேர்கிறது.

கணினிக்குக் கடவுச்சொல் வந்த வரலாறும் சுவையானது. 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவர்தம் குழுவினரும், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டு உபயோகிக்கும் முறையை உருவாக்கினார்கள். ஒவ்வொருவருடைய கோப்பும் தனித்தனியே இருக்கவேண்டி, ஆளுக்கொரு சொல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலை அக்கணினியைக் கொண்டே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்து ஓராண்டு ஆவதற்குள் சாவிக்கொத்து களவு போயிற்று! அதிலும் ஒரு பாடம் உண்டு. எந்தத் தனி மனிதரும் தம் சொல்லை மறந்ததாலோ எளிதாக வைத்ததாலோ அது நேரவில்லை; எல்லாச் சொற்களையும் ஓரிடத்தில் திறந்து வைத்ததால் நேர்ந்தது.

இதற்கு மாற்றும் கண்டுபிடித்தார்கள். அரிசியை மாவாக அரைத்துவிட்டால் மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற இயலாது. அவ்வாறே கடவுச்சொல்லை ஒரு கணக்கு முறையால் 'அரைத்து', அம்மாவை மட்டும் வைத்துக்கொள்வது நல்ல அலுவலகத்தின் வழக்கம். நீங்கள் அடுத்த முறை சொல்லைக் கூறும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறாகத் தெரியும்படி, அரைக்கும்முன் ஆளுக்கு ஆள் வேறான சில எழுத்துகளைக் கலப்பதும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உப்பு'. 1979இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் இம்முறையை விளக்கி எழுதினார்கள். ஆகவே, "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று நீங்கள் எழுதும்போது உங்கள் பழைய சொல்லையே ஓர் அலுவலகம் அனுப்பி வைத்தால், அவ்வலுவலகம் அரைக்காமலே வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே வைத்த சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள்.

அவ்விருவரும் தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது, 2,831 சொற்கள் மிகச் சிறியனவாகவோ அகராதியில் உள்ளனவாகவோ இருக்கக் கண்டார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு! மனித இயல்பு அன்றுமுதல் மாறவில்லை. 2009 டிசம்பரில் 'ராக்யூ' என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அரைக்காமல் வைத்திருந்த நிறுவனம் அது. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதே. நம் வீடுகளிலும் நிலைமை வேறன்று. வேளாங்கண்ணி மாதாவின் பெயரோடு 123 சேர்த்து வைத்திருப்போர் நம்முள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. மாதா பக்தி நன்று. திருடனும் அப்பெயரை அறிவான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

மக்கள் எளிய சொல்லை வைக்கிறார்கள். ஆகவே கடுமையான விதி வேண்டும் என்று அறிஞர்கள் எண்ணியது இயல்பே. 2003இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் என்பவர் ஒரு வழிகாட்டு நூலைத் தயாரித்தார். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்கவேண்டும், அடிக்கடி மாற்றவேண்டும் என்னும் முறை அதன் வழியே உலகெங்கும் வேரூன்றிற்று. மக்கள் உண்மையில் எவ்வாறு கடவுச்சொல் அமைக்கிறார்கள் என்பதைக் காட்டும் போதிய சான்றுகள் அன்று அவருக்குக் கிடைக்கவில்லை.

சான்று பின்னர் வந்தது. 2010இல் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று திங்களுக்கு ஒருமுறை கட்டாயமாகச் சொல் மாற்றிய 7,700க்கு மேற்பட்ட பழைய கணக்குகளை ஆராய்ந்தார்கள். ஒருவரின் முந்தைய சொல் தெரிந்தால் அடுத்த சொல்லை ஊகிக்க முடியுமா என்று பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினேழு கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள் ஊகித்துவிட முடிந்தது. களவுபோன பட்டியல் கணினியின் கையில் இருந்தால், நூற்றுக்கு நாற்பத்தொரு சொற்கள் மூன்று நொடிக்குள் அகப்பட்டன. காரணம் நமக்குத் தெரியாததா? 'ஒன்று' என்று முடிந்ததை 'இரண்டு' என்று மாற்றுவோம். வியப்புக்குறியைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவருவோம். சலித்த மனிதன் செய்வது எங்கும் ஒன்றே. அதைத் திருடன் நன்கு அறிவான்.

2017இல் பில் பர் அவர்களே, அப்போது பணி ஓய்வு பெற்றிருந்த முதியவர், 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழின் நிருபரிடம் தாம் அன்று வகுத்தவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாகக் கூறினார். பெருந்தன்மையான சொல் அது. அதே ஆண்டு அந்நிறுவனமும் தன் நூலைத் திருத்திற்று: குறி கலக்கக் கட்டாயப்படுத்த வேண்டா, சொல் களவு போயிற்று என்பதற்குச் சான்று இருந்தாலன்றி மாற்றச் சொல்ல வேண்டா, நீளத்தை வரவேற்க வேண்டும், ஏற்கெனவே களவுபோன சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மட்டும் மறுக்க வேண்டும். பிரிட்டன் அரசின் பாதுகாப்பு அமைப்பு 2015இலேயே அடிக்கடி மாற்றச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடும்படி அறிவுறுத்தியிருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் தன் பரிந்துரைகளிலிருந்து அதனை நீக்கிற்று. 2025இல் வந்த அமெரிக்கத் திருத்தமோ, எழுத்துக் கலப்பு விதியை விதிக்கவே கூடாது என்று உறுதியாகக் கூறிவிட்டது. கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பும் இடங்களில் குறைந்தது பதினைந்து எழுத்து வேண்டும் என்கிறது.

விதியை வகுத்தவர் வருந்திவிட்டார். வெளியிட்ட நிறுவனம் திருத்திவிட்டது. நம் பக்கத்துப் பல அலுவலகங்களின் கணினிகளிலோ அதே விதி இன்னும் ஆட்சி செய்கிறது. சட்டம் செத்தபின்னும் சேவகன் தடியோடு நிற்கிறான்!

நீளம் ஏன் சிறந்தது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஆங்கிலத் தட்டச்சுப் பலகையில் எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து 94 அடையாளங்கள். அவற்றை எவ்வித ஒழுங்குமின்றிக் கலந்து எட்டு இடங்களை நிரப்பினால் எத்தனை வகையான சொற்கள் அமையுமோ, அதைப்போல் 71 இலட்சம் மடங்குக்கு மேற்பட்டவை வெறும் சிறிய எழுத்துகள் 26ஐக் கொண்டு பதினாறு இடங்களை நிரப்பினால் அமையும். எழுத்துகளுக்குப் பதில் சொற்களைக் கோத்தால் இவ்வளவு பெருக்கம் வராது என்பது மெய்யே. ஆயினும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்கள் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதற்கும் அரியன. உரல், தந்தி, முருங்கை, படகுத்துறை என்று கோத்தால் பாட்டியும் மறக்கமாட்டார். இதை அச்சில் கண்டுவிட்டபடியால் இதையே வைத்துவிடாதீர்கள். உங்களுக்குத் தோன்றும் வேறு நான்கைத் தேடுங்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம். தளம் ஒரு குறியும் எண்ணும் கேட்டு அடம் பிடித்தால், அவற்றைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலிய சொல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் இணையவழி மோசடியால் நம் நாட்டு மக்கள் இழந்தது ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டில் அது ஏறத்தாழ 7,465 கோடி. இம்மோசடிகளுள் பலவற்றில் திருடன் பூட்டை உடைப்பதில்லை. சாவியைக் கேட்டு வாங்குகிறான். "வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கணக்கு முடங்கப் போகிறது, வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்" என்கிறான். அட்டை கொண்டு இணையத்தில் பணம் செலுத்த இரண்டாம் சோதனை ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது நன்மைக்கே. அந்த இரண்டாம் பூட்டின் சாவியையும் அச்சத்தால் நாமே நீட்டிவிடுகிறோம். கணக்கு முடங்கிவிடுமோ என்ற அச்சத்தை நம் முதியோருக்கு ஊட்டியது யார்? மூன்று முறை தவறினால் வெளியே தள்ளும் அந்த விதிகளே அன்றோ! உண்மையான காவலாளியின் மிரட்டலும் திருடனின் மிரட்டலும் ஒரே குரலில் ஒலிக்கும்போது எளியவர் வேறுபாடு அறிவது எப்படி?

ஆகையால் இல்லந்தோறும் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, கைபேசி எண். பெற்றோரின் கணக்குகளில் பெற்றோரின் எண்ணே இருக்கட்டும். கடைக்காரரின் எண்ணோ, அயல்நாட்டிலுள்ள மகனின் எண்ணோ இருந்தால், வங்கிக் கிளைக்கும் ஆதார் மையத்திற்கும் நேரில் சென்று மாற்றிவிடுங்கள். பிற அலுவலகக் கணக்குகளிலும் பின்னர் மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

இரண்டாவது, வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறான நீண்ட சொற்களை வையுங்கள். மின்னஞ்சல்தான் மற்றக் கணக்குகளின் சாவியை மாற்றித் தரும் இடம். அது போனால் எல்லாம் போயிற்று.

மூன்றாவது, நினைவில் நில்லாதவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதிவையுங்கள். எழுதவே கூடாது என்று சிலர் அச்சுறுத்துவர். அயல்நாட்டில் அமர்ந்து கணினி வழியே திருடுபவன் உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. நிலப்பத்திரமும் நகையும் இருக்கும் இடத்தில் அந்நோட்டும் இருக்கட்டும். கைப்பையிலும் கைபேசியின் உறையிலும் வேண்டா. வங்கி அட்டையின் நான்கிலக்க எண்ணையும், பணம் அனுப்பும் செயலியின் எண்ணையும் மட்டும் எங்கும் எழுதாமல் மனத்திலேயே வையுங்கள்.

நான்காவது, "உங்கள் தாயாரின் பெயர் என்ன? நீங்கள் படித்த முதல் பள்ளி எது?" என்று தளம் கேட்கும் கேள்விகளுக்கு மெய்யான விடை அளித்தே ஆகவேண்டும் என்பதில்லை. நம் ஊரில் அவை ஊரறிந்த செய்திகள். தாயாரின் பெயர் திருமண அழைப்பிதழிலும் இரங்கல் சுவரொட்டியிலும் இருக்கிறது. அது பூட்டின் சாவி மட்டுமே. சாட்சிக்கூண்டில் அளிக்கும் வாக்குமூலம் அன்று. வேறொரு சொல்லைத் தந்து, அதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

ஐந்தாவது, கணினி மையத்திற்குச் சென்றால் பக்கத்திலேயே அமர்ந்திருங்கள். கடவுச்சொல்லைக் கூடியவரை நீங்களே தட்டுங்கள். முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். மையம் நடத்தும் தம்பிமார்க்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் நோட்டில் பிறர் சாவியை எழுதாதீர்கள். ஏதேனும் களவு நேர்ந்தால் முதல் ஐயம் உங்கள் மீதே விழும்.

ஆறாவது, ஓடிபி எண்ணைக் கேட்டு எந்த வங்கியும் தொலைபேசியில் அழைக்காது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கே அது வேண்டும். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த மறுகணமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து அழைத்தால் பணம் கைமாறுவதற்குள் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கத்தால் ஓர் இரவு பேசாமலிருந்து, மீட்டிருக்கக்கூடிய பணத்தையும் இழந்துவிடாதீர்கள்.

கடவுச்சொல்லே வேண்டாத முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூட்டாக அறிவித்து ஆதரித்து வரும் 'பாஸ்கீ' என்னும் முறையில், சாவி கைபேசியில் இருக்கிறது. விரல் ரேகையாலோ திரைப் பூட்டாலோ அது இயங்கும். வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல் எதுவும் இல்லாமையால் எவனும் தொலைபேசியில் கேட்டு வாங்க இயலாது. ஓய்வூதியர்களுக்கு 2014இல் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' உயிர்வாழ்ச் சான்றுக்கு முதலில் விரல் ரேகையோ கருவிழிப் பதிவோ வேண்டியிருந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதிவது கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2021 முதல் முகத்தைக் காட்டியே சான்று பெறவும் வழி வந்தது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அஞ்சல் வங்கியின் ஊழியர் வீட்டுக்கே வந்து சிறு கட்டணத்திற்கு அதனைப் பதிவு செய்து தரும் ஏற்பாடும் 2020 முதல் உண்டு. மனிதருக்கேற்பக் கருவியைத் திருத்த முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

அதிகாரத்தில் உள்ளோரும் இதனைச் செவிமடுக்க வேண்டும். நம் பங்குகளில் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கணினித் துறையிலும் பணியாற்றுவோர் பலர் உண்டு. உங்கள் அலுவலகத்தின் விதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் வழக்கத்தை நிறுத்த முடியுமா? நீண்ட சொல்லை ஏற்க முடியுமா? தமிழ் எழுத்தில் கடவுச்சொல் வைக்க இடமளிக்க முடியுமா? பிறமொழி எழுத்துகளையும் ஏற்பது நல்லது என்றுதான் அந்த அமெரிக்க வழிகாட்டு நூலும் கூறுகிறது. பூட்டப்பட்டு வெளியே நிற்கும் முதியவர் நேரில் வந்தால், அடையாள அட்டையைப் பார்த்து உதவ ஓர் ஆள் மேசைக்குப் பின்னால் இருக்கிறாரா? இருப்பாரானால் பாதித் துன்பம் தீர்ந்துவிடும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு சொல். "இதுகூடவா தெரியாது?" என்று பெற்றோரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் தடுமாறுவது அறியாமையால் அன்று. உலகின் பேரறிஞர் ஒருவரே வகுத்துவிட்டுப் பின்னர் வருந்திய விதியால். உதவி செய்கிறோம் என்ற பெயரில் சாவியை நீங்களே வைத்துக்கொள்வதும் முறையன்று. தம் பணத்தைத் தாமே கையாளும் மதிப்பு முதுமையில் ஒருவருக்குப் பெருந்துணை, அதைப் பறித்துவிடாதீர்கள்.

நான் முன்பு கூறிய மூதாட்டியின் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது, பாட்டியை வங்கிக்கும் ஆதார் மையத்திற்கும் அழைத்துச் சென்று எண்ணை மாற்றி, புதிய சொல்லைப் பாட்டியின் வாயாலேயே தேர்ந்தெடுக்க வைத்தாள். அச்சொல் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இம்மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, குடும்ப செபம் முடிந்த பின்பு ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டுப் பெரியவர்களுடன் அமர்ந்து அவ்வாறே செய்யுங்கள். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.